உங்களுக்குத் தெரியுமா?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் 2009 வீரர் தேர்வில் மினசோட்டா அணி 5ஆவது, 6ஆவது வாய்ப்புகள் இரண்டிலும் பாயின்ட் கார்டுகளையே (ஆட்டத்தை நடத்தும் வீரர்கள்) எடுத்தது. ஆனால் பின்னாளில் பெரும் நட்சத்திரமான ஸ்டீபன் கரியை விட்டுவிட்டது! 7ஆவதாக அவரை எடுத்தது கோல்டன் ஸ்டேட்.

மெலிந்த உடல், சிறிய கல்லூரி, ஆட்டத்தை நடத்துபவரல்ல, வெறும் புள்ளி எடுப்பவர் என்ற ஐயங்கள் அவர்மேல் இருந்தன. சான்றுகள் வேறு கதை சொல்லின. 2007–08 பருவத்தில் அவர் போட்ட 162 மூன்று புள்ளிக் கூடைகள் அன்றைய கல்லூரிச் சாதனை. 2008 தேசியக் கல்லூரிப் போட்டியில் ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் போன்ற பெரிய அணிகளை அவருடைய டேவிட்சன் கல்லூரி வீழ்த்தியது. அடுத்த பருவத்தில் பாயின்ட் கார்டாக மாறியும், சராசரிப் புள்ளிகளில் அமெரிக்கக் கல்லூரி வீரர்களிலேயே முதலிடம். நடந்து முடிந்தபின் யாரும் சொல்லலாமே என்பது நியாயமான மறுப்புதான். ஆனால் இவை எல்லாமே தேர்வுக்கு முன்பே பதிவானவை. உடலை அளந்தவர்கள் ஆட்டத்துக்குக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள் என்பதே சரி. இது புதிதும் அல்ல: பின்னாளில் தலைசிறந்த பாயின்ட் கார்டுகளான ஜான் ஸ்டாக்டன் 1984இல் 16ஆவதாகவும், ஸ்டீவ் நாஷ் 1996இல் 15ஆவதாகவும்தான் எடுக்கப்பட்டார்கள்.