தீவின் தோல் – 7: பச்சை கறுக்கும் நேரம்

2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்ததையும், சிப்பிகாட்டின் நெல்வயல்களில் கடல்நீர் ஏறி உப்புச் சதுப்பானதையும் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் சதுப்பை விட்டு மேட்டுக்குப் போவோம். அங்கே தென்னையும் கமுகும் ஜாதிக்காயும் கிராம்பும் நிற்கின்றன. அந்த மரங்களில் ஓடும் பச்சைப் பல்லிதான் இந்த வார ஆள்.

நம் வீட்டுச் சுவர்ப் பல்லி இரவில் விளக்கடியில் வேட்டையாடும். இது பகலில் நடமாடுவது. கண்மணி வட்டமாக இருக்கும். பளிச்சென்ற பச்சை உடம்பு, முதுகில் செம்புள்ளிகள். பூச்சியைப் பிடிப்பதோடு பூந்தேனையும் நக்கும். 1861-ல் எட்வர்ட் பிளைத் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். இதன் பேரினத்துச் சொந்தங்கள் மடகாஸ்கர், செஷல்ஸ், மொரீஷியஸ் பக்கம் இருக்கின்றன. நடுவே 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கடல். இந்தியாவில் இந்தப் பேரினம் அந்தமானை விட்டால் வேறெங்கும் இல்லை.

குளிர்ந்த விடியற்காலையில் கமுகந்தண்டில் இதைப் பார்த்தால் அடையாளமே தெரியாது. பாசி பிடித்த பட்டை போலக் கறுத்துக் கிடக்கும். வெயில் ஏறி உடம்பு சூடானதும் பச்சை திரும்பும். கையில் பிடித்தாலும், இன்னொரு ஆண் விரட்டினாலும் மறுபடி கறுத்துவிடும்.

உள்ளே நடப்பது இதுதான். இதன் தோலில் பச்சைச் சாயம் என்று ஒன்று கிடையாது. மேலடுக்குச் செல்களில் மஞ்சள் நிறமி. அதற்கடியில், நுண்ணிய படிகங்களால் நீல ஒளியைத் திருப்பி அனுப்பும் செல்கள். நீலம் மஞ்சள் வழியே வெளிவரும்போது நம் கண்ணுக்குப் பச்சை. இவற்றுக்கும் கீழே, கிளைகள் விரித்த கரிய செல்கள். அவற்றிலுள்ள மெலனின் துகள்கள் நடுவில் ஒடுங்கியிருக்கும்வரை தோல் பளிச்சிடும். கிளைகளில் பரவினால் திரை விழுந்ததுபோல் கறுக்கும். குளிரோ பயமோ நேரும்போது நரம்பும் ஹார்மோனும் அந்தத் துகள்களை நகர்த்துகின்றன. பல்லி சொல்லுக்குப் பலன் பார்த்தே பழகிய நாம் இதன் நிறத்துக்கும் ஒரு பலன் உண்டென்று அறிய வேண்டும். பகல் வெயிலிலும் பச்சைக்குத் திரும்பாமல் கிடந்தால் அந்தப் பல்லிக்கு ஏதோ சரியில்லை.

சென்னையிலிருந்து ஒரு வாசகி, தன் ஆக்சலாட்டல் வெளுத்துக்கொண்டே போகிறதே என்று கேட்டிருந்தார். மெக்சிகோவின் சோச்சிமில்கோ நீர்நிலைகளுக்கு உரிய, செவுளை உதிர்க்காமலே வாழ்ந்து முடிக்கும் அந்த நீர்வாழ் உயிரின் தோலிலும் இருப்பவை இதே மூன்று வகைச் செல்கள்தாம். ஆனால் பல்லியின் வேகம் அதற்கு இல்லை. கறுப்புத் தரைமேல் வளர்த்தால் பல நாட்களில் சற்றே கருமை கூடும், வெள்ளை மணல்மேல் வெளிறும். இது இயல்பு, கவலை வேண்டாம். கருங்கண்ணோடு வெண்மையாகப் பிறப்பதும் நோயல்ல. கருவிலே நிறச்செல்கள் உடம்பெங்கும் பரவத் தவறியதால் வந்த நிறம் அது. 1864-ல் மெக்சிகோவிலிருந்து பாரீஸ் போன 34 உயிர்களுக்குள்ளேயே அப்படி வெள்ளை ஒன்று இருந்தது. இன்று ஆய்வகங்களில் வளர்பவை பெரும்பாலும் அந்தக் கூட்டத்தின் வழிவந்தவை.

கவலைப்பட வேண்டியது வேறு. செவுள் மட்டும் சோர்ந்து வெளுப்பது, வயிற்றிலும் காலிலும் திடீரெனச் செம்மை படர்வது, பஞ்சு போல வெண்திட்டு ஒட்டுவது ஆகியவற்றைப் பார்த்தால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியா தேங்கினால் தோல் வெந்துபோகும். தண்ணீர் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருப்பது நல்லது. 24 தாண்டினால் உடம்பு தளரும், பூஞ்சை எளிதாகப் பிடிக்கும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி குழாய்த் தண்ணீரே அதைவிடச் சூடு. குளிரூட்டும் கருவி வாங்கவும், மின்தடை நேரத்தில் சமாளிக்கவும் வழியில்லாதவர் இந்த உயிரை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அழகுக்காக வாங்கி, கோடை முழுக்க அதைத் தண்ணீரில் வேக விடுவது கொடுமை.

பல்லி, ஆக்சலாட்டல் இரண்டுமே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. அந்தப் பட்டியலிலுள்ள அயல்நாட்டு உயிர்களை வீட்டில் வைத்திருப்போர் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதி வந்துவிட்டது. வாசகி பதிவு செய்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளட்டும். பச்சைப் பல்லியைப் பொறுத்தவரை, சிப்பிகாட்டுத் தோப்பில் விடியற்காலை நின்றால் நிறம் மாறுவதை மரத்திலேயே பார்க்கலாம். யாரும் அதைப் பிடித்து வளர்க்கத் தேவையில்லை.

(அடுத்த வாரம்: சதுப்பில் இறங்கும் அந்தமான் கிளுவை வாத்தும், அதன் முகத்து வெள்ளையும்)