அசைந்தால்தான் சாப்பாடு

மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 46. ஷட்டில் ஆடும்போது கால் திரும்பி முட்டி வீங்கிவிட்டது. ஸ்கேனில் 'மெனிஸ்கஸ் கிழிசல், குருத்தெலும்புத் தேய்மானம்' என்று வந்திருக்கிறது. துளை போட்டுச் சரிசெய்துவிடலாம் என்கிறார் ஒரு டாக்டர். மூன்று மாதம் உடற்பயிற்சி செய்துவிட்டு வாருங்கள் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது என்று தவிக்கிறார் மனிதர். முட்டியைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இந்தக் கட்டுரை உதவும்.

ஸ்கேன் சொல்வது இரண்டு வெவ்வேறு பொருள்களை. தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவில் பிறை வடிவில் இரண்டு மெத்தைகள் இருக்கின்றன. அவைதான் மெனிஸ்கஸ், பேச்சு வழக்கில் 'ஜவ்வு'. எலும்பு முனைகளின் மேல் 2 முதல் 4 மில்லிமீட்டர் கனத்தில் வெள்ளையாகப் பளபளக்கும் பூச்சு குருத்தெலும்பு. என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது இந்தப் பூச்சின் வயதுதான். அதைக் கண்டுபிடிக்க உதவியது அணுகுண்டு.

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1963இல் தடை ஒப்பந்தம் வந்தபின் மெல்லக் குறையத் தொடங்கியது. காற்றில் இருந்தது பயிருக்குப் போய், பயிரிலிருந்து நம் உடம்புக்கு வந்தது. ஆகவே ஒரு திசுவில் கார்பன்-14 எவ்வளவு என்று அளந்தால் அது எந்த ஆண்டுவாக்கில் உருவானது என்று கணக்கிட்டுவிடலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் முழங்கால் குருத்தெலும்பில் வலைபோல் பின்னியிருக்கும் கொலாஜன் இழைகளை இப்படி அளந்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். வளரும் பருவத்தில் உருவான இழைகளே முதுமையிலும் இருந்தன. மூட்டுவாதம் வந்த முழங்காலிலும் புதிதாக எதுவும் பெரிதாகச் சேரவில்லை. அறுபது வயதுக்காரர் இன்று நடப்பது, பள்ளிக்கூட நாளில் தின்ற சோற்றில் நெய்த வலையின் மேல்!

தேய்ந்தது பழையபடி வளராது என்பதை 1743லேயே லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் எழுதிவைத்துவிட்டார். 'குருத்தெலும்பை வளர்க்கும்' பொடி, மாத்திரை விளம்பரங்களைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

வளராதது எப்படி இத்தனை ஆண்டு உழைக்கிறது? அதற்கு ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. சாப்பாடு மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்திலிருந்து வர வேண்டும். நான் வங்கியில் இருந்தபோது நோட்டு எண்ண மேசையில் ஈரப்பஞ்சுக் கிண்ணம் வைத்திருப்போம். விரலால் அமுக்கினால் நீர் மேலே வரும். எடுத்தால் உள்ளே போகும். காலை ஊன்றும்போது குருத்தெலும்பும் அப்படியே நீரை வெளியே விடுகிறது. தூக்கும்போது சத்தோடு உறிஞ்சிக்கொள்கிறது. அசைவு நின்றால் சாப்பாடும் குறையும். முட்டி வலிக்கிறது என்று மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பது அதைப் பட்டினி போடுவதுதான்.

இனி கத்தி. முட்டி பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனால் அறுவை தேவைப்படும். இளவயதில் அடிபட்டுக் கிழிந்த ஜவ்வையும், வேரோடு பிய்ந்த ஜவ்வையும் தைப்பது நல்லது. ஜவ்வின் வெளி ஓரத்தில் மட்டும் ரத்த ஓட்டம் உண்டு. அங்கே போட்ட தையல் ஒட்டும். தைத்தால் சில வாரம் ஊன்றுகோல், மறுபடி விளையாட நான்கு முதல் ஆறு மாதம். ஒருகாலத்தில் கிழிந்த ஜவ்வை முழுசாகவே எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்த முட்டிகள் பிறகு தேய்வதை 1948இல் ஃபேர்பேங்க் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எக்ஸ்ரேயில் காட்டினார். இன்று முடிந்தவரை காப்பாற்றத்தான் பார்க்கிறார்கள்.

நடுவயதில் தேய்ந்து கிழிந்தது வேறு கதை. பின்லாந்தில் இத்தகைய கிழிசல் உள்ள 146 பேரில் ஒரு பகுதியினருக்கு ஜவ்வைச் சீவினார்கள். மற்றவர்களுக்குத் துளை மட்டும் போட்டுச் சீவியதுபோல் பாவனை செய்தார்கள். ஓராண்டு கழித்து இரு தரப்புக்கும் ஒரே அளவு குணம். 2013இல் வந்த முடிவு இது. ஸ்கேனையும் முழுக்க நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 50 வயது தாண்டிய 991 பேரைச் சோதித்தபோது, கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய மாதம் வலியே இல்லை.

கத்தியில்லாத வழிக்கு மைசூரு வாசகர் தொலைவில் தேட வேண்டாம். குடகுக்காரரான டென்னிஸ் வீரர் ரோஹன் போபண்ணா, முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்து வலி மாத்திரைகளோடு ஆடியதாகவும், ஐயங்கார் யோகா தன்னை மீட்டதாகவும் வெளிப்படையாகச் சொன்னவர். 2024இல், 43 வயதில், ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டம் வென்றார். அந்த யோகமுறையைத் தந்த பி.கே.எஸ். ஐயங்கார், 1934இல் மைசூரு வந்து அக்கா கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் பாடம் கற்றவர். யோகா போபண்ணாவுக்குப் புதுக் குருத்தெலும்பைத் தந்திருக்காது. கால் தசைகள் வலுப்பெற்றால் மூட்டின் சுமையில் ஒரு பங்கை அவை வாங்கிக்கொள்ளும்.

தொடங்கும் பயிற்சி எளியது. காலை நீட்டி உட்கார்ந்து, துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வையுங்கள். முட்டியின் பின்பக்கத்தால் துண்டை அமுக்குங்கள். முட்டிச்சில்லுக்கு மேலே தொடைத்தசை கல்லாக இறுகும். குதிகால் தரையை விட்டு லேசாக எழும். ஐந்து நொடி அப்படியே வைத்திருந்து தளர்த்துங்கள். பிறகு காலைத் தூக்குவது, நாற்காலியிலிருந்து எழுவது என்று பிசியோதெரபிஸ்ட் படிப்படியாக ஏற்றுவார். வீக்கம் வடிந்ததும் ஹெப்பாள் ஏரிப் பக்கம் சமதரையில் நடக்கலாம். சமதரை நடையில் முட்டி தாங்குவது உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. எனவே கொஞ்ச காலத்துக்குச் சாமுண்டி மலைப் படிகளை மறந்துவிடுங்கள். குணமான பிறகும் முதலில் ஏறுவதோடு நிறுத்தி, பஸ்ஸில் இறங்குங்கள்.

ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்தால் காப்பீடு பணம் தருகிறது. பிசியோதெரபிக்கு வந்துபோனால் பெரும்பாலும் தருவதில்லை. ஆபரேஷன் என்றால் மேலாளர் மறுபேச்சில்லாமல் லீவு தருவார். பயிற்சிக்கு அரை மணி முன்னதாகப் போகிறேன் என்றால் முகம் சுளிப்பார். வீட்டிலும், ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நினைக்கிறோம். இப்படியிருந்தால் பொறுமையான வழியை யார்தான் தேர்ந்தெடுப்பார்கள்? ஷிப்டு முழுக்க நிற்கிறவர்களும், கணினி முன் நாள் முழுக்க உட்கார்கிறவர்களும் ஒரே பேட்டையில் இருக்கிறார்கள். அங்கே ஆலைகள் சில சேர்ந்து ஒரு பிசியோதெரபிஸ்டை வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை.

வாசகருக்கு: முட்டி பூட்டிக்கொள்கிறதா, கிழிசல் அடிபட்டு வந்ததா, தேய்ந்து வந்ததா, தைக்கக்கூடிய இடமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பூட்டிக்கொள்ளவில்லை, தேய்ந்த கிழிசல்தான் என்றால் மூன்று மாதம் நாள் தவறாமல் பயிற்சி செய்யுங்கள். பிறகும் சரியாகாவிட்டால் அறுவைக்குப் போகலாம். தாமதித்ததால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. அப்போதும் இந்தப் பயிற்சி வீண் போகாது. வலுவான தொடையோடு அறுவைக்குப் போகிறவர்தான் சீக்கிரம் எழுந்து நடக்கிறார்.