தஞ்சாவூர் என்னும் முதலெழுத்து

மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு டீயா என்று கேட்காதீர்கள். டிகிரி காபிக்குப் பேர்போன ஊரிலும் டீ குடிக்கிறவர்கள் உண்டு. எதிரே எங்கள் தெருப் பையன். திருவனந்தபுரத்தில் வேலை, லீவுக்கு வந்திருக்கிறான்.

“தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்துல ஒரு ஸ்டாப் சார். பேரே ‘ஸ்டாச்சு’தான். கண்டக்டர் அப்படித்தான் கத்துவார். யார் ஸ்டாச்சுன்னு ஆபீஸ்ல கேட்டா, சர் டி. மாதவ ராவ்ங்கிறாங்க. அந்த ‘டி’ என்ன சார்?”

“டின்னா தஞ்சாவூர்ப்பா. இங்கிலீஷ்ல டாஞ்சூர்னு எழுதினாங்களே, அந்த டி. நம்ம ஊர்க்காரர். 1828 நவம்பர்ல இதே கும்பகோணத்துல பிறந்தவர்.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். கும்பகோணத்துக்காரர் திருவிதாங்கூரில் எப்படித் திவான் ஆனார்? இதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. இன்னும் இரண்டு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

திவான் என்ற சொல்லில் தொடங்க வேண்டும். சமஸ்தானத்தில் ராஜாவுக்கு அடுத்த ஆள் திவான். இன்றைய முதலமைச்சர், தலைமைச் செயலாளர், நிதிச் செயலர் மூவரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்தால் எப்படியோ அப்படி. வரி வசூல் அவர் தலையில், கஜானா அவர் தலையில், வெள்ளைக்கார அரசின் பிரதிநிதியான ரெசிடெண்டுக்குப் பதில் சொல்வதும் அவர் தலையில். ராஜாவுக்கும் ரெசிடெண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு பெயர் கெடாமல் வெளியே வந்தவர்கள் குறைவு.

இந்த வேலைக்கு முதலில் வேண்டியது கணக்கு. கணக்குக்குப் பேர்போன நாடு நம்முடையது. சிவாஜி மன்னரின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி ஏகோஜி 1670களில் தஞ்சாவூரைப் பிடித்தபோது, படையோடு கூடவே எழுத்து வேலை தெரிந்த மராட்டியக் குடும்பங்களும் வரத் தொடங்கின. ராயர் வீடு என்று இன்றும் சொல்கிறோமே, அவர்களில் பலர் இந்த வழியில் வந்தவர்கள். வீட்டுக்குள் மராத்தி, வாசலில் தமிழ், பாட்டுக்குத் தெலுங்கு, பூஜைக்குச் சமஸ்கிருதம். அலுவலகத் தஸ்தாவேஜு மோடி என்னும் மராத்தி எழுத்தில். சரசுவதி மகால் நூலகத்தில் அந்த மோடி ஆவணங்கள் மூட்டை மூட்டையாக இன்னும் இருக்கின்றன.

கணக்கு என்றால் கூட்டல் கழித்தல் என்று நினைத்துவிடக் கூடாது. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. அந்த நிலத்துக்குத் தண்ணீர் எந்த வாய்க்காலில், குறுவையா சம்பாவா, கண்டுமுதல் எத்தனை கலம், அதில் சர்க்காருக்கு மேல்வாரம் எவ்வளவு, குடிவாரம் எவ்வளவு, இந்தப் பசலி ஆண்டில் வெள்ளத்தால் வஜா, அதாவது தள்ளுபடி, எவ்வளவு என்றெல்லாம் பார்க்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் ஒரு வாரம் தள்ளி வந்தால் அத்தனை கணக்கும் மாறும். களத்தில் நெல் அளக்கும்போது மரக்காலைத் தலைதட்டும் விதத்தில்கூட வித்தியாசம் வரும். இதையெல்லாம் சின்ன வயதிலிருந்தே வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்கிற பையனுக்குத் தனியாக நிர்வாகப் பயிற்சி எதற்கு?

1799இல் சரபோஜி மன்னர் ராஜ்யத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். கோட்டையும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும் அவருக்கு. ஆட்சி கைமாறியது, கணக்குப் பிள்ளைகள் மாறவில்லை. யார் சர்க்காராக இருந்தாலும் நிலவரி வசூலாக வேண்டுமே. கம்பெனியும் இவர்களைத்தான் தேடியது, பக்கத்துச் சமஸ்தானங்களும் இவர்களைத்தான் தேடின.

திருவிதாங்கூரில் கர்னல் மன்றோ ரெசிடெண்டாக வந்து, 1811இல் திவான் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டார். அவர் காலத்திலிருந்து தஞ்சாவூர் மராட்டியர்களுக்கு அங்கே கதவு திறந்தது. ரெட்டி ராவ், வெங்கட ராவ், சுப்பா ராவ் என்று வரிசையாகத் திவான்கள். இந்த வெங்கட ராவ்தான் மாதவ ராவுடைய தந்தையின் உடன்பிறந்தவர். ‘ராய ராயர்’ பட்டம் பெற்றவர். 1820களில் இவர் திவானாக இருந்தபோதுதான் திருவனந்தபுரத்தில் பார்வதி புத்தனாறு வெட்டப்பட்டது. காவிரிப் பாசனத்துக்காரர் மலையாளத்துக்குப் போய்க் கால்வாய் வெட்டியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

தந்தை ரங்க ராவும் 1837, 38இல் சிறிது காலம் அதே பதவியில் இருந்தார். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. பாட்டனார் குண்டோ பந்த், அவருடைய தந்தை கோபால் பந்த் எல்லோருமே சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்கள்.

“அப்ப இது வாரிசு அரசியல்தானே சார்?” என்றான் பையன்.

பாதி அப்படித்தான். மறுபாதி சென்னையில் இருக்கிறது. 1841இல் அங்கே ஒரு உயர்நிலைப் பள்ளி திறந்தார்கள். பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். தலைமை ஆசிரியர் ஐர் பர்ட்டன் பவல், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். மாதவ ராவ் அங்கே சேர்ந்தார். எழும்பூரில் பவலின் வீட்டு மாடியில் வானியல் பாடம் நடக்கும். பாடம் முடிந்ததும் பையன் கடைத்தெருவில் வாங்கிய கண்ணாடி வில்லைகளை மூங்கில் குழாயில் பொருத்தித் தொலைநோக்கியும் நுண்நோக்கியும் செய்து பார்ப்பானாம். திவான் மாதவ ராவைவிட இந்த மூங்கில்குழாய்ப் பையனைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். 1846இல் முதல் வகுப்பில் தேறினார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல்தான் வந்தது என்பதால் பி.ஏ. கிடையாது, தேர்ச்சிச் சான்றுதான். பவல் விடுப்பில் போனபோது கணக்கும் இயற்பியலும் இவரே நடத்தினார்.

பிறகு அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் ஒரு வேலை. 1849இல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியர். பெரியப்பா சித்தப்பா பெயர் தெரிந்த ஊர் என்பதால் கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. உள்ளே போனபின் நின்று காட்டியது அவருடைய திறமை. நான்கு வருஷம் பாடம், பிறகு வருவாய்த் துறை, பேஷ்கார் என்னும் வட்டார நிர்வாகப் பதவி, முப்பது வயதில் திவான். மற்றது பாடப்புத்தகத்தில் இருக்கிறது: இந்தூர், பரோடா திவான் பதவிகள், 1866இல் சர் பட்டம், பிரிட்டிஷ் எம்.பி. ஃபாசெட் அவரைப் பிரெஞ்சு நிதியமைச்சர் துர்கோவோடு ஒப்பிட்டது, 1887இல் சென்னைக் காங்கிரஸ் வரவேற்புக் குழுத் தலைமை. வெங்கட ராவின் மகன் ரகுநாத ராவும் இந்தூர் திவான். விதவை மறுமணத்துக்காக வாதாடி ஊர்ப் பகையைச் சம்பாதித்துக்கொண்டவர். மாதவ ராவின் மகன் ஆனந்த ராவ் 1909இல் மைசூர் திவான். உத்தியோகம் சொத்துபோலக் கைமாறிய குடும்பம்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கலம் கலமாகக் கணக்கு எழுதியவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் பவல் பள்ளிக்குப் போனார்கள். அந்த நெல்லை விளைவித்த பண்ணையாள் வீட்டுப் பிள்ளைக்கு அன்று திண்ணைப் பள்ளிக்கூடமே எட்டாது. டெல்டாவின் அறிவு என்று நாம் பெருமை பேசுவது டெல்டாவின் ஒரு தெருவுடைய அறிவு.

அந்தத் தெருவிலும் எல்லா வீட்டிலும் திவான்கள் இல்லை. 1832இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்த முத்துசாமி ஐயர் சிறுவயதிலேயே தந்தையை இழந்து, கிராமக் கணக்குப்பிள்ளையிடம் மாதம் ஒரு ரூபாய்க்கு எடுபிடி எழுத்தராக இருந்தவர். ஒருநாள் ஆற்றங்கரை உடைந்துவிட்டதாகத் திருவாரூர் தாசில்தாருக்குச் செய்தி வந்தது. கச்சேரியில் வேறு ஆள் இல்லை. பையனை அனுப்பினார். போனவன் உடைப்பின் அளவு, அடைக்க என்ன சாமான் வேண்டும், எத்தனை ஆள் வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்து நின்றான். சரிபார்த்தால் எல்லாம் அப்படியே. தாசில்தார் முத்துசாமி நாயக்கர் அவனை நாகப்பட்டினத்திலும் பிறகு சென்னையிலும் படிக்க வைத்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி அவன்தான்.

பையன் டீக்குக் காசு கொடுக்கப் போனான். தடுத்துவிட்டு, கடைசியாக ஒரு பெயர் சொன்னேன்: சேஷய்ய சாஸ்திரி. தஞ்சாவூர் மாவட்டத்து அமராவதி கிராமம், ஏழை வீடு, உறவினர் வளர்ப்பு. மாதவ ராவ் பிறந்த அதே 1828இல் பிறந்து, அதே பவலிடம் படித்து, வருவாய் வாரியத்தில் எழுத்தராக நுழைந்து, மசூலிப்பட்டினத்தில் தாசில்தாராகி மேலே வந்தவர். 1872இல் மாதவ ராவ் திருவிதாங்கூரை விட்டுப் புறப்பட்டதும் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் அவர்தான்.