திலாப்பியா வந்த வழி

“திலாப்பியா எம்மொழிச் சொல், ஐயா?” என மாணாக்கனொருவன் வினவினான். தென்னாபிரிக்கச் சுவானா மொழியில் மீனைக் குறிக்கும் சொல்லின் திரிபு அஃது என்பர். மீனுக்கு மீனென்றே பெயர்! தமிழகத்தார் ‘ஜிலேபிக் கெண்டை’ என்பர். அது கெண்டையுமன்று, ஜிலேபியுமன்று.

பெயரினும் சுவையானது அதன் பயணம். மொசாம்பிக் திலாப்பியாவின் தாயகம் தென்கிழக்கு ஆபிரிக்கா. ஆங்குச் சாம்பேசி முதலிய ஆறுகளின் கீழ்ப்பகுதிகளிலும் கழிமுகங்களிலும் வாழ்வது. 1852 இல் பீற்றர்ஸ் என்னும் ஜேர்மானிய அறிஞர் அதனை விவரித்தார். நன்னீர் மீனாயினும் கடல்நீரினும் உவர்ப்பு மிக்க நீரையும் தாங்கும். தாய்மீனின் வாயினுள்ளேயே முட்டைகள் பொரிக்கும். குஞ்சுகள் அஞ்சினால் மீளவும் அவ்வாயே புகலிடம்.

இத்தகைய மீன், 1930களின் பிற்பகுதியிலே, யாவாத் தீவின் தென்கரையில், சேராங் ஆற்றின் முகத்திலே காணப்பட்டது. இந்துசமுத்திரத்தைத் தானே நீந்திக் கடந்ததெனல் பொருந்தாது. மனிதர் எவரோ கொணர்ந்து விட்டிருத்தல் வேண்டும். கொணர்ந்தவர் பெயர் எவ்வேட்டிலும் இல்லை. கண்டெடுத்தவர் பெயரோ நிலைத்துவிட்டது. பிளித்தார்ப் பகுதியைச் சேர்ந்த முஜாயிர் என்பார், கழிமுகத்து மீன்களை வீட்டுக்கு எடுத்துச்சென்று, நீரின் உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து, நன்னீருக்குப் பழக்கினார். பலமுறை மீன்கள் மாண்டன. பதினொராம் முறையிலேயே பிழைத்தன என்று சொல்லப்படுகின்றது. இந்தோனேசியர் இன்றும் அம்மீனை ‘முஜாயிர்’ என்றே அழைக்கின்றனர். மன்னர் பெயரை ஊருக்கு இடுதல் எங்குமுள்ள வழக்கம். சாமானியர் ஒருவரின் பெயர் சமையலறைதோறும் ஒலிப்பது எனக்குப் பெருவியப்பு.

யாவாவிலிருந்து அயல்நாடுகள் பலவற்றுக்கும் அது பரவியது. 1952 இல் இலங்கைக்கும் வந்தது. பராக்கிரம சமுத்திரம் முதலிய குளங்களிலே அதனாற் பெருந்தொழில் வளர்ந்தது. கடற்கரைக்குத் தொலைவில் வாழ்வோருக்கும் அன்றாடம் பச்சைமீன் கிடைத்தது. இந்நன்மையை மறுத்தல் நன்றியன்று. எனினும், உலகின் மிகக் கொடிய அந்நிய உயிரினங்கள் நூறனுள் ஒன்றாக அறிஞர் அதனைச் சேர்த்துள்ளனர். பிறநாட்டு நீர்நிலைகளிலே ஆங்குள்ள மீன்களின் உணவையும் இடத்தையும் அது கவர்ந்துகொண்டது.

பிறந்த மண்ணிலோ நிலைமை வேறு. மீன்வளர்ப்போர் கொணர்ந்த நைல் திலாப்பியா, லிம்போப்போ முதலிய ஆறுகளிலே தப்பிப் புகுந்து இதனோடு கலந்து இனம் பெருக்குகின்றது. அதனால், அயலிடங்களில் ஆக்கிரமிப்பாளன் எனப்பட்ட மீன், தாயகத்தில் அழியும் அபாயத்துக்கு உள்ளானதெனப் பட்டியலிடப்பட்டுள்ளது. நம் குளங்களுக்கும் நைல் திலாப்பியா பின்னர்க் கொணரப்பட்டது. ஈண்டும் இரண்டும் கலந்துள்ளன. கலப்பு மீனைக் கண்ணாற் பிரித்தறிதல் அரிதாதலின், லிம்போப்போ ஆற்றிலே தூய மொசாம்பிக் திலாப்பியாவைத் தேடுவோர் இப்பொழுது மரபணுச் சோதனையை நாடுகின்றனர்.