ஜாவா நிரல்களில் பொதுவும் தனியும்: தரவுத்தள இயக்கநேரப் பொருளும் சூழமைவும்

தரவுத்தள அட்டவணைகளை ஜாவாப் பொருள்களாகக் கையாள உதவும் ஹைபர்னேட், கயேன் முதலிய கருவிகள் 2001 ஆம் ஆண்டையொட்டித் தோன்றின. இவற்றைப் பயில்வோர் முதலில் தெளியவேண்டியது, எதனைப் பலர்க்கும் பொதுவாக வைத்தல் வேண்டும், எதனைத் தனித்தனியாக ஆக்குதல் வேண்டும் என்பதேயாகும். வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்துள்ள இந்நாளில், வன்னி மாணவர்க்கு இவ்விளக்கம் பயன்படும் எனலாம்.

இக்கருவிகளில் இருவகைப் பொருள்கள் உள. ஒன்று இயக்கநேரப் பொருள். கயேனில் இது ரன்டைம் எனவும், ஹைபர்னேட்டில் செஷன் ஃபாக்டரி எனவும் வழங்கும். மற்றையது சூழமைவுப் பொருள். இது முன்னதில் ஆப்ஜெக்ட் கான்டெக்ஸ்ட் எனவும், பின்னதில் செஷன் எனவும் பெயர்பெறும்.

இயக்கநேரப் பொருள் அட்டவணைகளின் வரைபடத்தையும் இணைப்புத் தொகுதியையும் தாங்கி நிற்பது. அதனை ஆக்குதற்குக் காலமும் நினைவகமும் மிகுதியாக வேண்டும். பல இழைகள் அதனை ஒருங்கே பயன்படுத்தலாம். ஆதலின் நிரல் தொடங்கும்போது ஒருமுறை ஆக்கி, முடியும்போது மூடுதலே முறை. வேண்டுகைதோறும் புதிதாக ஆக்கி மூடாது விடின் யாது நிகழும்? ஒவ்வொன்றும் பத்து இணைப்புகளைத் திறக்குமாயின், பத்தாவதற்குள் போஸ்ட்கிரெஸ் தளத்தின் இயல்பான வரம்பாகிய 100 நிரம்பிவிடும்.

சூழமைவோ எளிதில் ஆக்கத்தக்கது. ஒருவர் எடுத்த பதிவுகளையும், அவர் செய்து இன்னும் உறுதிசெய்யாத மாற்றங்களையும் அது வைத்திருக்கும். இதனைப் பலர்க்கும் பொதுவாக்குதலே பெருந்தவறு. கமநல சேவை நிலையமொன்றின் வயற்காணிப் பதிவேட்டுக்கு ஒரு நிரல் எழுதுவதாகக் கொள்வோம். அலுவலர் ஒருவர் ஒரு காணியின் உரிமையாளர் பெயரை மாற்றத் தொடங்கி, ஆவணத்தை ஒப்புநோக்குவதற்காக இடைநிறுத்துகின்றார். அவ்வேளை மற்றோர் அலுவலர் தமது வேறொரு பதிவை உறுதிசெய்கின்றார். சூழமைவு ஒன்றேயாயின், முன்னவரின் அரைகுறை மாற்றமும் உடன் பதிவாகிவிடும். 2009 இல் முடிந்த போரில் காணி ஆவணங்களை இழந்தோர் பலர் வாழும் இம்மண்ணில், பதிவேட்டின் ஒரு வரி பிழைத்தால் ஒரு குடும்பத்தின் உரிமையே ஐயத்துக்குள்ளாகும்.

எனவே வேண்டுகை ஒவ்வொன்றுக்கும் ஒரு சூழமைவை ஆக்கி, பணி முடிந்ததும் விட்டுவிடுதல் நன்று. வாசிப்புக்கு மட்டுமே உரிய தரவாயின், கயேனில் ஒரே சூழமைவைப் பலர் பகிர்தலும் கூடும். எனினும் சூழமைவைத் தனித்தனியாக்குதல் மாத்திரம் போதாது. இருவர் ஒரே பதிவைத் தத்தம் சூழமைவில் மாற்றின், பின்னவரின் மாற்றம் முன்னவரதை அழித்தல் கூடும். பதிவில் ஒரு பதிப்பெண்ணை வைத்து, எழுதுமுன் அதனை ஒப்பிடச் செய்தால், பின்னவர்க்கு முரண்பாடு அறிவிக்கப்படும்.

இரணைமடுக் குளம் ஒன்று. அதன் நீர் பாயும் வயல்கள் பல. வயலுக்கொரு குளம் வெட்டுவாரும் இலர். வரம்பின்றிப் பயிரிடுவாரும் இலர். குளத்தைப் பொதுவாகவும் வரம்பைத் தனியாகவும் கொள்ளும் கமக்காரரின் ஒழுங்கே நிரலாளர்க்கும் உரியதாகும்.