துப்பாக்கி பூட்டில்... கரிமருந்து அடுப்படியிலா?

மலையோரக் கிராமங்களில் நிலக்கடலையும் மரவள்ளியும் விளையும் நேரத்தில் காட்டுப்பன்றிக் காவல் தொடங்கிவிடும். உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள், துப்பாக்கியைக் கவனமாகப் பூட்டி வைக்கிறார்கள். கரிமருந்து டப்பாதான் அடுப்படிப் பரணுக்குப் போய்விடுகிறது. கேட்டால், 'அங்கேதான் ஈரம் ஏறாது' என்கிறார்கள். ஒரு வீட்டில் பரணுக்கு நேர் கீழே விறகடுப்பு எரிந்துகொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

கரிமருந்து பற்றிக்கொள்ளத் தீக்குச்சி வேண்டியதில்லை. இரும்போடு இரும்பு உரசும் பொறியே போதும். கனத்த இரும்புப் பெட்டியில் இறுக்கி அடைத்தால் பத்திரம் என்று நினைப்பதும் தவறு. வெட்டவெளியில் குபீரென எரிந்து அடங்கும் மருந்து, அடைபட்ட இடத்தில் வெடிக்கும். வாங்கிய டப்பாவிலேயே, பெயர்ச்சீட்டு கிழியாமல், மரப்பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். சாவி பிள்ளைகள் கைக்குப் போகக்கூடாது.

கேப் தட்டினாலே தீப்பிடிக்கும். அதனால் மருந்தும் கேப்பும் ஒரே பெட்டியில் கூடாது. தனி அறையாக இருந்தால் இன்னும் நல்லது. டீசல், உரம், பூச்சிமருந்து வைக்கும் இடமும், வெயிலில் கொதிக்கும் தகரக்கூரை மச்சும் வேண்டாம். சிந்திய மருந்தைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே பெருக்கவேண்டும். நமத்துப்போன மருந்தை அடுப்போரம் காயவைக்கவே கூடாது.

தோட்டாவைப் பிரித்து எடுத்த மருந்தை நாட்டுத் துப்பாக்கியில் கெட்டிப்பவர்களும் இருக்கிறார்கள். அது வேறு மருந்து. குழல் பிளந்து கை போய்விடும். கெட்டித்த துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தூங்கப் போவதும் வேண்டாம்.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, எவ்வளவு மருந்து வாங்கலாம், கையில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பது உரிமத்திலேயே குறிப்பிடப்பட்டிருக்கும். உரிமம் பெற்ற கடையில் வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டிலேயே மருந்து இடிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். முடியும் முன்பே புதுப்பித்துவிட வேண்டும்.

உரிமம் இருப்பதாலேயே பன்றியைச் சுட அனுமதி கிடைத்துவிடாது. அது வனத்துறை விஷயம். காட்டுப்பன்றி 2022 திருத்தத்துக்குப் பின் வன உயிரினச் சட்டத்தின் 2-ம் அட்டவணையில் உள்ளது. அவுட்டுக்காய் வைத்தாலோ 1908-ம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் பாயும். பன்றிக்கு வைத்ததை யானை கடிக்கிறது, நம் மாடும் கடிக்கிறது.

உரிமதாரர் இறந்துவிட்டால், குடும்பத்தார் துப்பாக்கியோடு மீதி மருந்தையும் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். பெரியவர் எங்கே எவ்வளவு வைத்திருக்கிறார் என்பதை வீட்டில் இன்னொருவராவது இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.