வீட்டில் ஒரு நீச்சல் குளம்

வீடு வாங்கப் புறப்படுகிறோம். பார்த்த வீடுகளுள் ஒன்றின் பின்புறத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. பிள்ளைகள் அதைக் கண்டதும், "இந்த வீடுதான் வேண்டும்" என்கிறார்கள். நம் மனமும் சற்றே சாய்கிறது. ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் மலேசியாவில், வீட்டிலேயே நீந்தி மகிழ்வது இன்பந்தானே! எனினும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் சில கணக்குகளைப் போட்டுப் பார்ப்போம்.

முதலாவது நீர்க் கணக்கு. 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் சராசரி ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குளத்தை எடுத்துக்கொள்வோம். இவற்றைப் பெருக்கினால் 48 கன மீட்டர், அதாவது 48,000 லிட்டர் நீர். ஒரு முறை நிரப்பிவிட்டால் போதாதா? போதாது. வெயிலில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாவதாகக் கொண்டால், 160 லிட்டர் குறைந்துவிடும். வடிகட்டியைக் கழுவும் போதெல்லாம் மேலும் நீர் வெளியேறும்.

இரண்டாவது பராமரிப்புக் கணக்கு. ஆற்று நீர் தானே ஓடுகிறது. குளத்து நீரையோ நாம்தான் ஓடச் செய்யவேண்டும். ஒரு குதிரைத்திறன் கொண்ட பம்பு நாள்தோறும் 8 மணி நேரம் ஓடினால், குறைந்தது 6 யூனிட் மின்சாரம் செலவாகும். மாதத்திற்கு அது 180 யூனிட். இனி, கிருமிகளைக் கொல்லக் குளோரின் வேண்டும். கடும் வெயில் குளோரினைச் சிதைக்கிறது. பெருமழையோ அதன் அடர்த்தியைக் குறைக்கிறது. நம் நாட்டில் இவ்விரண்டுக்கும் குறைவில்லை. ஆகவே, வாரத்திற்குச் சில முறையாவது நீரைச் சோதித்து, அதன் அமிலகார அளவு 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கென வாங்கும் அமிலத்தையும் குளோரினையும் ஒருபோதும் கலக்கக்கூடாது. கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் வெளியூர் போய்விட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பம்பு நின்றுவிட்டால் நீர் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும். குளோரின் தீர்ந்த நீரில் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரமே போதும். டிங்கி காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டில் பெருகினால், அண்டை வீட்டாருக்கும் ஆபத்து. 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்கீழ் தண்டனையும் உண்டு.

மூன்றாவது கணக்கை வெள்ளியால் அளக்க முடியாது. தோட்டங்களில் வளர்ந்த நம்மில் பலருக்கு, "ஈயக்குட்டைப் பக்கம் போகாதே" என்று தாயார் அதட்டியது நினைவிருக்கும். அந்தக் குட்டை வீட்டிலிருந்து அரை மைலுக்கு அப்பால் இருந்தது. இந்தக் குளமோ சமையலறைக் கதவிலிருந்து பத்தடி தூரத்தில் இருக்கிறது!

நீரில் மூழ்கும் குழந்தை கூச்சலிடும் என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வாயில் நீர் புகுந்த குழந்தையால் கத்த முடியாது. தொலைபேசியை எடுத்துப் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடக்கூடும். ஆதலால் குளத்தின் நான்கு பக்கமும் குறைந்தது 1.2 மீட்டர் உயரத்தில், ஏற முடியாத வேலி வேண்டும். வீட்டுச் சுவரை ஒரு பக்கமாகக் கணக்கிடக்கூடாது. கதவு வழியே குழந்தை நேரே குளத்திற்குப் போய்விடும். வேலியின் கதவு தானே மூடித் தாழிட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிப்பது மிக நல்லது. ஆயினும் வேலிக்கும் பெரியவர்களின் கண்காணிப்புக்கும் அது ஈடாகாது.

அப்படியானால், நீச்சல் குளமுள்ள வீடே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள். மாதந்தோறும் வரும் செலவை, வீட்டுக் கடன் தவணைக்கு மேலாகத் தாங்க முடியுமா? குளத்தைக் கவனிக்கும் வேலை வீட்டில் யாருடையது? பிள்ளைகள் நீரில் இறங்கும் போதெல்லாம் உடனிருக்கப் பெரியவர் ஒருவர் உண்டா? மூன்றுக்கும் தயங்காமல் விடை கூற முடிந்தால் வாங்கலாம். ஒன்றுக்கேனும் விடை இல்லையென்றால், வார இறுதியில் பொது நீச்சல் குளத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். சிறு கட்டணத்தோடு செலவு முடிந்துவிடும். பிள்ளைகளின் மகிழ்ச்சியும் குறையாது.

குளத்தை வாங்குவது ஒரு நாள் வேலை. அதைக் காப்பது ஒவ்வொரு நாளும் செய்யவேண்டிய கடமை. அந்தக் கடமைக்கு நாம் ஆயத்தமா என்பதைக் குடும்பத்தோடு அமர்ந்து பேசி முடிவு செய்வோம்.